மொறிஸ் மைனர் முன் கிறில்: வெட்டி வாங்குவதா, அடித்துச் செய்வதா?

பெப்ரவரி 4

சுன்னாகத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணை, என்னட்டை 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 ஒண்டு நிக்குது. முன் கிறில், அதான் றேடியேற்றருக்கு முன்னால நிக்கிற சட்டத் தகடு, கறள் பிடிச்சு உதிருது. பழைய மைனர்களில வந்த சதுரக்கட்டக் கிறிலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில லேசர் வெட்டில எடுத்து, மினுக்கிப் போட யோசிக்கிறன். கார் இன்னும் பழசாத் தெரியும், கறளும் பிடியாது. என்ன சொல்லுறியள்?"

வேண்டாம் தம்பி. சதுரக்கட்டக் கிறில் உங்கள் காருக்கு உரியதல்ல. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்த முதல் மைனரில் இருந்து 1954 வரைக்கும்தான் அது இருந்தது. 1954 கடைசியில் கிடைச்சட்டங்கள் வைத்த கிறில் வந்தது. அதோடு இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை கிறில் தகட்டிலேயே இருந்த பார்க்கிங் லைற் இரண்டும் மட்காட்டுக்கு, பெரிய லைற்றுக்குக் கீழே, இடம் மாறின. 1956இல் 948 சிசி எஞ்சினோடு மைனர் 1000 வந்தபோது முன் கண்ணாடி ஒரே துண்டாகிவிட்டது.

ஆக ஒற்றைக் கண்ணாடியும் சதுரக்கட்டக் கிறிலும் சேர்ந்த மைனர் எந்தத் தொழிற்சாலையில் இருந்தும் வெளியே வரவில்லை. நீங்கள் அதைப் போட்டால் முன்னுக்கு நாலு பார்க்கிங் லைற் நிற்கும், அல்லது மட்காட்டில் உள்ள துளைகளை ஒட்டி அடைக்க வேண்டும். நல்ல மட்காட்டில் நெருப்பு வைப்பதற்கு இது ஒரு காரணமா? விசயம் தெரிந்தவர் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிப்பார். தெரியாதவருக்கு இரண்டு கிறிலும் பழசுதான்.

பெப்ரவரி 6

"அவருடைய கார், அவருடைய விருப்பம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விருப்பத்தை நான் மறுக்கவில்லை. எனது மைனரிலேயே முன் இருக்கைகளுக்குப் பட்டி போட்டிருக்கிறேன், பின்னுக்குப் பிரகாசமான பிரேக் லைற் வைத்திருக்கிறேன். கழற்றினால் கார் பழையபடி நிற்கும், ஒரு தகடும் வெட்டுப்படவில்லை. எனது அளவுகோல் அதுதான். போல்ட்டில் நிற்கிற மாற்றம் எதையும் செய்யுங்கள். வெட்டி ஒட்டுகிற மாற்றம் என்றால் மூன்று தரம் யோசியுங்கள், ஏனென்றால் இந்தத் தகடுகளை வடமாகாணத்தில் புதிதாக யாரும் அழுத்தி எடுக்கப் போவதில்லை.

பெப்ரவரி 11

சரி, கிடைச்சட்டக் கிறில்தான் செய்வது என்று தம்பி சம்மதித்துவிட்டார். எதில் செய்வது என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதவேண்டும்.

லேசர் வெட்டை ஏன் நான் விரும்பவில்லை என்று முதலில் சொல்லுகிறேன். லேசர் ஒரு தட்டைத் தகட்டில் துளை போடும், அவ்வளவுதான். பழைய கிறிலின் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்து விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் மெல்லிய உருட்டு, மேலும் கீழும் உள்ளுக்கு மடிப்பு. வெய்யில் அந்த உருட்டின் மேல் விழும்போது ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு வெளிச்சக்கோடு நீளத்துக்கு ஓடும். முன்முகத்துக்கு ஆழம் தருவது அந்தக் கோடுதான். தட்டைத் தகட்டில் அது கிடையாது. எவ்வளவு மினுக்கினாலும் வெட்டுவிளிம்பு வெட்டுவிளிம்பாகவே தெரியும்.

ஸ்டெயின்லெஸ்: கறள் பயம் குறைவு என்பது உண்மை. 304 தரத் தகடு எங்கும் வாங்கலாம், படலைக்கும் கைப்பிடிக்கும் அதைத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் வளைத்தால் திரும்பி விரியும், ஆகவே வேண்டிய வளைவுக்கு மேல் வளைத்து விடவேண்டும். ஒட்டும்போது சூடு ஓரிடத்திலேயே தங்கி நீளச்சட்டம் முறுகும். மினுக்கி விட்டால் குரோம் போல் இருக்கும் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். குரோமில் ஒரு நீலச்சாயல் உண்டு, ஸ்டெயின்லெஸ்ஸில் மஞ்சள் கலந்த சாம்பல். பக்கத்தில் குரோம் பம்பர் இருக்க, இரண்டும் ஒட்டாது.

அலுமினியம்: வளைக்க இலகு, பாரமும் இல்லை. ஆனால் உப்புக்காற்றில் இரும்போடு தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். நைலோன் வாஷர் போட்டு இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால் போல்ட் துளைகள்தான் முதலில் போகும்.

பித்தளையில் செய்து குரோம் பூசுவது அழகான வேலை. செப்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த குரோம். பளபளப்பின் பெரும்பங்கு நிக்கலுடையது என்பதால் நிக்கலில் மிச்சம் பிடிக்கும் பட்டறைக்குக் கொடுத்தால் சீக்கிரம் கொப்பளிக்கும். ஆனால் இந்தக் காருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. மைனர் 1000இன் சட்டங்கள் பெயின்ற் அடித்து வந்தவை.

ஃபைபர்: பழைய கிறிலில் அச்சு எடுத்து ஊத்தலாம், மலிவு. விளிம்பு தடிக்கும், வெய்யிலில் வெடிக்கும். பஸ் முகப்புக்குச் சரி.

மிஞ்சுவது சாதாரண இரும்புத் தகடு. 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீற்றர். எனது தெரிவு அதுதான். எந்த டிங்கர் பாஸுக்கும், அதாவது தகட்டு வேலைக்காரருக்கும், அடிக்கவும் ஒட்டவும் தெரிந்த பொருள். வளைத்தால் வளைந்தபடி நிற்கும். நாளைக்கு யாரும் முட்டினால் தட்டி நிமிர்த்தலாம்.

பெப்ரவரி 12

3டி அச்சில் எடுத்தால் என்ன என்று இருவர் கேட்டார்கள். மாதிரி பார்க்க நல்லது. காரில் பூட்டி ஓட வேண்டாம். மலிவான பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். பின்னால் றேடியேற்றர், முன்னால் சித்திரை வெய்யில். வேலை முடிந்தது.

பெப்ரவரி 20

"உங்கடை காரின்ரை கதையைச் சொல்லுங்கோ" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கிறிலோடு சம்பந்தம் உண்டு, ஆகவே எழுதுகிறேன்.

அது மாமாவின் வாடகைக் கார். பருத்தித்துறைப் பக்கம் ஆசுபத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடியது. யாழ்ப்பாணத்தில் இவ்வளவு மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் கேம்பிறிட்ஜும் தப்பியதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. 1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை அடைபட்ட பிறகு புதுக் கார் வரவில்லை, உதிரிப்பாகம் வரவில்லை, பெற்றோலும் வரவில்லை. இருந்ததை ஓட்டித்தான் ஆகவேண்டும். சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டு எஞ்சினைப் பிடிப்பார்கள், சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, ஒழுங்கை முழுக்க மணம். ஏறும் சனத்துக்கு அதெல்லாம் பழகிப் போய்விட்டது.

கிறில் தகட்டில் பெயின்ற் சுரண்டியபோது அந்தக் காலம் அடுக்கடுக்காக வெளியே வந்தது. மேலே கறுப்பு, வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல். அதன்கீழ் தூரிகைக் கோடு தெரிகிற ஒரு பச்சை. அதற்கும் கீழே சட்டங்களின் பின்பக்கத்தில் மங்கிய கிறீம் வெள்ளை, அதுதான் தொழிற்சாலை அடித்தது. டாஷ்போட்டுக்குப் பின்னால் பொடியின் சொந்த நிறமும் கிடைத்தது, நீலம் கலந்த சாம்பல். மொறிஸ் நிற அட்டையில் ஸ்மோக் கிறே என்று இருப்பது இதுவே. இடது கீழ்மூலையில் ஒரு ஒட்டு இருந்தது. தார்ப்பீப்பாத் தகரத்தை வெட்டி, பித்தளைக் கம்பியால் காஸ் வெல்டிங்கில் பிடித்திருக்கிறார்கள். விளிம்பை அரத்தால் அராவி, மூலத் தகட்டின் வளைவுக்கே கொண்டுவந்திருக்கிறார் அந்த பாஸ். இருந்த சாமானில் செய்த அந்த வேலையை நான் வெட்டி எறியவில்லை. கறளைச் சுத்தம் செய்து எப்பொக்சி பிறைமர் அடித்து அப்படியே விட்டேன். தகடு உறுதியாக இருக்கிறது.

பெப்ரவரி 27

இனிச் செய்முறை. எனது காரின் சட்டங்களில் மூன்று முழுதாக உக்கிவிட்டன, மிச்சம் நல்லது. அந்த மூன்றையும் கொக்குவில் பக்கத்தில் ஒரு பட்டறையில் பாஸோடு கூடநின்று செய்வித்தேன்.

முதலில் மட்டை அச்சு. நல்ல சட்டம் ஒன்றை வைத்து நீளம், மடிப்பு அகலம், வளைவு மூன்றையும் தடித்த காட்போட்டில் எடுத்தோம். வளைவை ஒரு சட்டத்தில் எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே போடக்கூடாது. முகப்பு மேலிருந்து கீழே போகப்போக நீளமும் வளைவும் மாறும். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, அதில் இலக்கம், இடது வலது குறி.

மடிப்பை பென்டிங் மெசினில் பிடித்தார். முன் உருட்டுக்கு மெசின் சரிவராது என்று பாஸ் சொன்னார். வைரமான பனஞ்சலாகை ஒன்றைச் சீவி உருட்டின் வடிவம் எடுத்து, அதன்மேல் தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டினார். ஒரே இடத்தில் அடிக்காமல், ஒரு நுனியில் இருந்து மற்ற நுனிக்குச் சின்னத் தட்டுகளாக ஓடவேண்டும். இரும்புச் சுத்தியல் தகட்டை நீட்டிவிடும், பிறகு சட்டம் அலையும். பனை நார் கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் தகட்டில் காயம் விழவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் வந்து, "மாட்டு வண்டில் கட்டுறியளோ?" என்று கேட்டார்.

பிறகு ஒட்டு. எல்லாச் சட்டத்தையும் சின்னச் சின்ன ஒட்டாகப் பொட்டு வைத்துப் பிடித்துக் காரில் மாட்டிப் பார்த்த பிறகுதான் முழு ஒட்டு. நடுவில் இருந்து தொடங்கி, இடம் ஒரு பொட்டு, வலம் ஒரு பொட்டு, ஆறவிட்டு அடுத்தது. ஓரத்தில் இருந்து தொடங்கினால் இழுவிசை முழுவதும் மற்ற மூலையில் போய்ச் சேரும். நடுக்கோட்டுக்கு அளவுகோல் பொனட்டிலேயே இருக்கிறது. மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று மாதிரியை நீளவாட்டில் இரண்டாக வெட்டி நாலு அங்குலம் அகட்டினார். பொனட்டின் நடுவே மேலிருந்து கீழே ஓடும் தட்டைப் பட்டி அந்த நாலு அங்குலம்தான். அதன் இரண்டு விளிம்பில் இருந்தும் அளந்து கிறிலின் நடுவைப் பிடித்தால் பிழைக்காது. மட்காட்டில் இருந்து அளக்க வேண்டாம், அறுபது வருசக் காரில் மட்காட் இரண்டும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

மார்ச் 2

இங்கிலாந்தில் இருந்தே புதுக் கிறில் எடுப்பிக்கலாமே என்று கொழும்பில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எடுப்பிக்கலாம். மைனர் பாகங்களுக்கு அங்கே இன்னும் நல்ல சந்தை இருக்கிறது, கதவு இறப்பர் முதல் தரைத்தகடு வரை கிடைக்கும். இந்த நாட்டில் 1990களில் மைனர் தகடுகளைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகரில் இருந்த மொறிஸ் மைனர் மையத்துக்கு அனுப்பிய பட்டறையே இருந்தது. கைத்திறன் இங்கே இருந்து அங்கே போன காலம் அது. ஆகவே "இங்கே செய்தது தரம் குறைவு" என்ற பேச்சை நான் கேட்கத் தயாரில்லை.

ஆனாலும் முழுக் கிறிலும் போய்விட்டிருந்தால், அச்சு எடுக்க ஒரு நல்ல சட்டம்கூட மிஞ்சாவிட்டால், எடுப்பிப்பதே புத்தி. அப்படி எடுப்பிப்பவர் அச்சை ஒரு தரம் எடுத்து மற்றவர்களுக்கும் கொடுத்தால் நல்லது. கொழும்புக்காரர் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் நடந்து பார்ப்பதும் வீண்போகாது. கடைக்காரர் "இல்லை" என்றாலும், மேல்தட்டில் என்ன கிடக்கிறது என்று ஏறிப் பார்க்கக் கேளுங்கள்.

மார்ச் 3

பெப்ரவரி 11ஆம் திகதி எழுதியதில் ஒன்றை மாற்றி யோசிக்கிறேன். ஊர்காவற்றுறையில் கடலோரம் இருக்கும் ஒருவர், தன் வளவில் இரும்புப் படலை என்ன பாடுபடுகிறது என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மினுக்கக்கூடாது. லேசர் வெட்டும் வேண்டாம், மடித்து உருட்டித்தான் செய்யவேண்டும். மண்கடதாசியால் சொரசொரப்பாக்கி, எச்சிங் பிறைமர் அடித்து, கிறீம் வெள்ளை பூசினால் வெளியே தெரிவது சரியான கிறில். உள்ளே என்ன உலோகம் என்பது அவருக்கும் கடலுக்கும் இடையிலான விசயம்.

மார்ச் 9

பேச்சு எஞ்சினுக்குப் போய்விட்டது. பரவாயில்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய காரை வாங்குபவர்கள் முதலில் ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்ரிக்கைப் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அப்படி நாட்கணக்கில் ஓடிய எஞ்சினில் பேரிங்குகள் தேய்ந்திருக்கும். தட்டல் வராமலிருக்க இக்னிஷனையும் பின்தள்ளி வைத்திருப்பார்கள், பெற்றோலுக்கு வந்த பிறகும் பலர் அதைத் திருத்தவில்லை. ஏறுவதற்குச் சக்தி இல்லை என்று எஞ்சினைக் குறை சொல்லுவார்கள்.

இன்னொன்று. ஏ9 திறந்து பெற்றோல் தாராளமாக வந்த அதே 2002இல்தான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நின்றது. மைனர் 1000இல் இருக்கும் பழைய ஏ-சீரிஸ் எஞ்சினின் எக்சோஸ்ற் வால்வு இருக்கைகளுக்கு ஈயம்தான் மெத்தை. அது இல்லாமல் வேகமாக நெடுந்தூரம் ஓடினால் இருக்கை உள்வாங்கும், வால்வைத் திறக்கும் டபெற்றின் இடைவெளி இறுகிக்கொண்டே போகும். ஹெட் கழற்றும் வேலை எப்படியும் வந்தால் கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிடுங்கள்.

நிசான் எஞ்சின் போடலாமா என்று கேட்டவருக்கு: ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் கியர்பெட்டியை உள்ளே விடத் தரைத்தகட்டையும் குறுக்குச்சட்டத்தையும் வெட்டுவார்கள். மைனருக்குத் தனிச் செசி கிடையாது. முன் சில்லுகளுக்கு ஸ்பிறிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான ரோர்ஷன் பாரின் பின்நுனியைப் பிடிப்பதும் அந்தப் பகுதிதான். அங்கே வெட்டிய காரைக் கதவு திறந்து பார்த்தால் தெரியும், கதவு தூண் மட்டத்துக்கு வராது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் மாறவேண்டும். 948 சிசியை ஒழுங்காகச் செய்தால் யாழ்ப்பாண வீதிகளுக்கு அது போதும். மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்கு அடிக்கடி போகிறவர் 1962இல் வந்த 1098 சிசியைத் தேடட்டும், அது அதே இடத்தில் உட்காரும்.

எஞ்சினுக்கு முன்னால், கிறிலுக்கும் முன்னால், முன் சில்லு திரும்பும் புரி மூட்டான ட்ரனியனுக்கு கிறீஸ் அடியுங்கள். புரிகள் காய்ந்து தேய்ந்தால் சில்லு ஒரு நாள் பக்கவாட்டில் மடிந்து விழும். மைனரில் உயிரோடு சம்பந்தப்பட்ட இடம் அதுதான். வடிவான கிறிலோடு மதகில் கிடக்கும் காரை நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 15

கிறிலுக்குப் பின்னால் நுளம்பு வலை கட்டுவதைப் பற்றி. தும்பி, பூச்சி றேடியேற்றரில் அடைக்காது என்பதற்காகக் கட்டுகிறார்கள். சின்னக்கண் வலை காற்றை மிகவும் தடுக்கும், அதுவும் தூசி பிடித்தால் துணி கட்டியதற்குச் சமம். மைனரில் காற்றாடி எஞ்சினோடு சுற்றுவது, சந்தியில் மெதுவாக நிற்கும்போது அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். அந்த நேரம் காற்றுக்கு வேறு வழி வேண்டாமா? புதுச் சட்டம் செய்வோரும் இதைக் கவனியுங்கள். உறுதிக்காகச் சட்டத்தை அகலமாக்கினால் இடைவெளி குறையும். பழைய இடைவெளியை அப்படியே வையுங்கள், உறுதி வேண்டுமென்றால் பின்னால் ஒரு நிலைச்சட்டம் கூட்டுங்கள்.

மார்ச் 16

எல்ஈடி பார்க்கிங் லைற் எரியவில்லை என்று எழுதிய தம்பிக்கு: பல்ப் பழுதில்லை. மைனர் பொசிற்றிவ் எர்த். பற்றறியின் கூட்டல் முனைதான் பொடியில் பிடித்திருக்கும். சாதாரண எல்ஈடி தலைகீழாக இணைபட்டு நிற்கிறது. இரண்டு பக்கமும் வேலை செய்யும் வகை பல்ப் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக முழுக் காரையும் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்ற ஓடவேண்டாம்.

மார்ச் 22

சுன்னாகத்துத் தம்பி சட்டங்களை இரும்பில் செய்து முடித்து, பிறைமர் நிலையில் படம் அனுப்பியிருக்கிறார். கீழ்ச்சட்டத்தின் உருட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூர்மை. பெயின்ற் அடிக்க முன் அதை மட்டும் திரும்பத் தட்டச் சொல்லியிருக்கிறேன், பெயின்ற் அதை மறைக்காது, எடுத்துக்காட்டும்.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி போல்ட் பற்றியது. கடையில் மில்லிமீற்றர் அளவு எம்6 போல்ட் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லையாம். இறுக்க வேண்டாம் தம்பி. பொடியில் ஒட்டியிருக்கும் நட்டுகள் கால் அங்குல யுஎன்எஃப், அதாவது அங்குல அளவின் நெருக்கமான புரி, அங்குலத்துக்கு 28. எம்6ஐ நெருக்கினால் புரி அழிந்து நட்டு தகட்டைவிட்டுக் கழன்று சுற்றும், பிறகு அதை எடுக்க மட்காட் கழற்ற வேண்டிவரும். புரி வெட்டும் கருவியான யுஎன்எஃப் ரப் ஒன்றைக் கையால் ஓட்டிப் பழைய பெயின்ற்றையும் கறளையும் எடுங்கள். புது போல்ட்டில் கிறீஸ் தடவி, எல்லாவற்றையும் பாதி இறுக்கத்தில் விட்டு, பொனட்டை இரண்டு தரம் மூடித் திறந்து மேல் இடைவெளி சமமா என்று பாருங்கள். அதன்பிறகு நடுவில் இருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள். அச்சு மட்டைகள் என்னிடம் இருக்கின்றன, தேவையானவர்கள் கேளுங்கள், பிரதி வெட்டித் தரலாம்.